டாக்டவுன் அண்ட் ஜீ-பாய்ஸ்: ஸ்கேட்போர்டின் தொடக்க வரலாறும் அதைச் சொன்ன ஆவணப்படமும்

‘டாக்டவுன் அண்ட் ஜீ-பாய்ஸ்’ என்ற ஆவணப்படம் 2001 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஆவணப்படப் பிரிவில் இயக்குநர் விருதும் பார்வையாளர் விருதும் அங்கேயே அதற்குக் கிடைத்தன. மறு ஆண்டு திரையரங்குகளுக்கு வந்தது. ஓடும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி. 1970-களின் நடுவில், தெற்குக் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா, வெனிஸ் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த பன்னிரண்டு இளையோர், அதுவரை சிறுவர் விளையாட்டுச் சாமானாகக் கிடந்த ஸ்கேட்போர்டை என்னவாக மாற்றினார்கள் என்பதே படத்தின் பொருள். ஸ்கேட்போர்டைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்தப் படம் போட்ட தடத்திலேயே செல்கிறது. அதை மறுக்க முனைகிறவர்களும் இந்தப் படத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

படத்தை இயக்கிய ஸ்டேசி பெரால்டா அந்தப் பன்னிருவரில் ஒருவர். அவரோடு சேர்ந்து எழுதிய கிரெய்க் ஸ்டெசிக், அந்தக் குழுவை வளர்த்த கடையின் பங்காளி. அன்றைக்கு அவர்களைப் புகைப்படம் எடுத்தவரும் அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவரும் அவரே. செலவுக்குப் பணம் தந்தது வேன்ஸ் என்ற காலணி நிறுவனம். குழுவினர் காலில் போட்டிருந்தது அந்த நிறுவனத்தின் காலணிதான். பின்னணியில் கதை சொல்லும் நடிகர் ஷான் பென் சான்டா மோனிகாவில் பிறந்தவர். வெளியாட்களின் கை அதிகம் படாத வரலாறு இது. படத்தின் சிறப்புகளில் பாதியும் குறைகளில் ஏறக்குறைய எல்லாமும் இதிலிருந்தே வருகின்றன.

1999-இல் ‘ஸ்பின்’ இசைப் பத்திரிகையில் இந்தக் குழுவைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. அதைக் கதைப்படமாக எடுக்க ஹாலிவுட் முன்வந்தது. தங்கள் கதையை வேறு யாரோ தம் விருப்பப்படி சொல்லிவிடுவார்கள் என்ற கவலையே பெரால்டாவை ஆவணப்படத்தின் பக்கம் தள்ளியது. கதைப்படமும் பிறகு வரத்தான் செய்தது. கேத்ரின் ஹார்ட்விக் இயக்கிய ‘லார்ட்ஸ் ஆஃப் டாக்டவுன்’ 2005-இல் வெளியானது. அதன் திரைக்கதையையும் பெரால்டாவே எழுதினார்.

ஸ்கேட்போர்டின் பிறப்புக்குத் தேதியும் இல்லை, கண்டுபிடித்தவர் என்று ஒருவரும் இல்லை. உருளும் காலணியின் இரும்புச் சக்கரங்களைக் கழற்றி, ஒரு பலகையின் அடியில் ஆணியடித்து ஓட்டுவது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அமெரிக்கச் சிறுவர்களுக்குத் தெரிந்த வேலை. 1950-களின் இறுதியில் கலிபோர்னியாவில் அலைச்சறுக்கு பெருகியபோது இந்தப் பலகைக்குப் புதுப் பயன் ஒன்று கிடைத்தது. கடலில் அலை எழாத நாளில் நடைபாதையில் அதே அசைவுகளைச் செய்து பார்க்கலாம். 1963-இல் லாரி ஸ்டீவன்சனின் மகாஹா நிறுவனம், அலைப்பலகையின் வடிவில் செய்த ஸ்கேட்போர்டுகளை விற்கத் தொடங்கியது. 1964-இல் ஜான் அண்ட் டீன் என்ற இரட்டையரின் ‘சைட்வாக் சர்ஃபின்’ பாடல் வானொலியில் ஒலித்தது. 1965 மே மாதம் ‘லைஃப்’ பத்திரிகையின் அட்டையில், ஓடும் பலகைமேல் கைகளை ஊன்றித் தலைகீழாக நின்றார் பாட் மெக்கீ. நோயல் பிளாக் என்பவர் வசனமே இல்லாமல் எடுத்த ‘ஸ்கேட்டர்டேட்டர்’ என்ற குறும்படம் 1966-இல் கான் விழாவில் குறும்படத்துக்கான உயர்ந்த பரிசைப் பெற்றது. அதே ஆண்டு கனடாவில் குளோட் ஜூத்ரா, மான்ட்ரியால் தெருக்களில் பலகை ஓட்டும் இளையோரையும் அவர்களைத் துரத்தும் காவலரையும் வைத்து, கேலி கலந்த குறும்படம் ஒன்றை எடுத்தார். ஸ்கேட்போர்டும் ஒளிப்படக் கருவியும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து வளர்ந்தவை என்பதற்கு இவை போதும்.

இந்த முதல் அலை 1965-இன் முடிவுக்குள் அடங்கிவிட்டது. காரணம் சக்கரம். உலோகச் சக்கரத்துக்கு அடுத்து வந்தது, களிமண்ணையும் பிற பொருள்களையும் பிசின் கலந்து இறுக்கிச் செய்த ‘களிமண் சக்கரம்’. அது தரையைப் பற்றாது. வேகமாகத் திரும்பினால் பலகை பக்கவாட்டில் வழுக்கிவிடும். சிறு கல் ஒன்று குறுக்கே கிடந்தாலும் சக்கரம் நின்றுவிடும், ஓட்டுகிறவர் மட்டும் முன்னே பறப்பார். கை முறிந்தும் மண்டை உடைந்தும் பிள்ளைகள் வந்து சேர, மருத்துவர்கள் எச்சரித்தார்கள். பல நகரங்கள் தெருவில் பலகை ஓட்டத் தடை விதித்தன. கடைகளில் சரக்கு தேங்கியது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் ஸ்கேட்போர்டு இருந்ததாகவே பெரும்பாலோர் நினைக்கவில்லை. கடற்கரை ஊர்களில் அலைச்சறுக்குப் பிள்ளைகள் சிலர் மட்டும் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுவனங்களும் பத்திரிகைகளும் கைவிட்டுப்போன இந்த இடைவெளியில்தான் டாக்டவுன் பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்பதைப் படம் சரியாகவே பிடித்திருக்கிறது. கற்றுத்தரவும் திருத்தவும் ஆளில்லாத துறை அது.

1970-களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர், வர்ஜீனியா மாநிலத்தின் பர்செல்வில் என்ற சிற்றூரில் ஒரு தொழிற்சாலையைப் பார்க்க நேர்ந்தது. அங்கே பாலியூரித்தேன் என்ற மீள்தன்மை கொண்ட நெகிழிப்பொருளில் உருள்காலணிச் சக்கரங்களை வார்த்தார்கள். மரத்தளத்தில் பழகும் தொடக்கக்காரர்களுக்கு என்று செய்தது. தரையை அதிகம் பற்றுகிறது, வேகம் குறைவு என்பது அதன்மேல் இருந்த புகார். அந்தப் ‘பற்று’தான் ஸ்கேட்போர்டுக்கு வேண்டியது என்பதை நாஸ்வொர்தி கண்டுகொண்டார். கலிபோர்னியாவின் என்சினிட்டாஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்து, காடிலாக் வீல்ஸ் என்ற பெயரில் 1973 வாக்கில் அவற்றை விற்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில், திறந்த குண்டுகளுக்குப் பதிலாக மூடிய பேரிங் வந்ததும் சக்கரத்தின் ஓட்டம் இன்னும் சீரானது. இந்த விளையாட்டின் போக்கை மாற்றியவர்களுள் முதலில் வைக்கத்தக்கவர், அதில் பெரிய சாகசம் எதுவும் செய்யாத இந்த மனிதர். படம் அவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்குகிறது. ஆனால் தொழில்நுட்பத்தை ஒதுக்கிவிடவில்லை: அந்தச் சக்கரம் இல்லாமல் பிறகு வந்த எதுவும் நடந்திருக்காது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது.

இனி இடம். டாக்டவுன் என்ற பெயர் எந்த அரசு வரைபடத்திலும் இல்லை. சான்டா மோனிகாவின் தென்பகுதி, ஓஷன் பார்க், வெனிஸ் ஆகியவற்றைச் சேர்த்து அங்குள்ளவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. வெனிஸ், 1905-இல் ஆபட் கின்னி என்ற செல்வர் இத்தாலிய நகரைப் பார்த்துக் கால்வாய் வெட்டிக் கட்டிய உல்லாசபுரி. கால்வாய்களில் பெரும்பாலானவை பின்னர் தூர்க்கப்பட்டன. எண்ணெய்க் கிணறுகள் முளைத்தன. வசதி படைத்தவர்கள் விலகிப் போனார்கள். பக்கத்தில் கடலுக்குள் நீண்ட மேடைமேல் 1958-இல் திறக்கப்பட்ட பசிபிக் ஓஷன் பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா, டிஸ்னிலாந்துக்குப் போட்டியாக எழுந்தது. பத்து ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்காமல் 1967-இல் மூடிக்கிடந்தது. தீப்பிடித்தும் துருவேறியும் இடிந்துகொண்டிருந்த அதன் தூண்களுக்கிடையே அலை நன்றாக எழும். ‘கோவ்’ என்று அழைக்கப்பட்ட அந்த இடுக்கில் அலைச்சறுக்கு ஆடியவர்களுக்கு ஒரு பக்கம் மரக்கட்டை, மறுபக்கம் நீருக்குள் மறைந்த இரும்புக்கம்பி. வெளியூர்க்காரர்கள் வந்தால் மேலிருந்து பொருள்களை எறிந்து விரட்டுவார்கள். இந்தப் பகுதியைப் படம் விரிவாகக் காட்டுகிறது. பாழடைந்த மேடையின் பழைய காட்சிகள் படத்தின் மிக நல்ல பகுதிகளில் சேரும்.

‘கோவ்’ இடுக்கில் அலையேறியவர்கள் கூடும் இடம், சான்டா மோனிகாவின் மெயின் ஸ்ட்ரீட்டில் ஜெஃப் ஹோ நடத்திய அலைப்பலகைக் கடை. ‘ஜெஃப் ஹோ சர்ஃப்போர்ட்ஸ் அண்ட் ஸெஃபர் புரொடக்ஷன்ஸ்’ என்பது முழுப்பெயர். ஹோ பலகைகளை இழைத்தார். ஸ்கிப் எங்ப்ளம் வியாபாரத்தைப் பார்த்தார். ஸ்டெசிக் பலகைகள்மேல் படம் வரைந்தார். தெருச் சுவர்களில் காணப்படும் சாயத்தெளிப்பு எழுத்துகளை அலைப்பலகைக்குக் கொண்டுவந்தது இந்தக் கடையின் அடையாளம்; வானவில்லும் சூரிய அத்தமனமும் தீட்டிய பலகைகளே அன்றைய வழக்கமாக இருந்தன. கடையின் இளையோர் அலைச்சறுக்கு அணியிலிருந்து 1975-இல் ஸ்கேட்போர்டு அணி உருவானது. டோனி ஆல்வா, ஜே ஆடம்ஸ், ஸ்டேசி பெரால்டா, ஷோகோ குபோ, பாப் பினியாக், பால் கான்ஸ்டன்டினோ, ஜிம் மூயர், நேதன் பிராட், வென்ட்ஸில் ரம்ல், ஆலன் சார்லோ, கிறிஸ் கேஹில், பெகி ஓகி என்று பன்னிரண்டு பேர். ஸெஃபரின் முதலெழுத்தைக் கொண்ட ‘ஜீ-பாய்ஸ்’ என்ற பெயருக்கு நடுவே ஓகி மட்டும் பெண். மெக்சிக, ஜப்பானிய வேர்கள் கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் இதில் கலந்திருந்தார்கள்; பலர் உடைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கடை அவர்களுக்கு வேலையும் பலகையும் சட்டையும் தந்தது. சட்டையை எளிதில் தந்துவிடவில்லை. அதைப் பெற்றவர்கள் இருபத்தைந்து ஆண்டு கழித்துப் படத்தில் பேசும்போதும் அந்தப் பெருமை தணியவில்லை.

அவர்கள் ஓட்டிய முறைக்கு முன்மாதிரி கடலில் இருந்தது. ஹவாயைச் சேர்ந்த லாரி பெர்ட்டல்மன் என்ற அலைச்சறுக்கு வீரர், முழங்காலை மடக்கி அலையோடு ஒட்டித் தாழ்ந்து, ஒரு கையால் நீர்ச்சுவரைத் தொட்டபடி கூர்மையாகத் திரும்புவார். அவர் ஆடிய படச்சுருளைப் பார்த்துவிட்டு வந்த டாக்டவுன் பிள்ளைகள் அதையே தார்த்தரையில் செய்தார்கள். குந்திய உடல், பின்னுக்கு வீசிய கை, உள்ளங்கையைத் தரையில் ஊன்றி அதைச் சுற்றிப் பலகையைச் சுழற்றும் திருப்பம். அந்தத் திருப்பத்தை இன்றும் ‘பெர்ட்’ என்றே சொல்கிறார்கள். பாலியூரித்தேன் சக்கரம் இருந்ததால் மட்டுமே இது முடிந்தது. பயிற்சிக்களம் பள்ளிக்கூடங்கள். லாஸ் ஏஞ்சலஸின் மேற்கே குன்றுப் பகுதிகளில் கட்டிய பால் ரெவியர், கென்டர் கேன்யன், பெலாஜியோ போன்ற பள்ளிகளில், விளையாட்டுத் திடலைச் சமப்படுத்த வெட்டிய மண்சரிவுகளுக்குத் தார் போட்டு மூடியிருந்தார்கள். மண் சரியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அலை வடிவில் எழுந்து நிற்கும் வழவழப்பான சுவராக இவர்கள் கண்ணுக்குப் பட்டது. பள்ளி விடுமுறை நாளில் வேலியேறிக் குதித்தால் முடிவில்லாத அலை. ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் ஏறித் திரும்பும் அந்தப் பழைய எட்டு மில்லிமீட்டர் காட்சிகளைப் பார்க்கும்போது, கடலையும் தெருவையும் பற்றிப் படம் விளக்குவது எல்லாம் மிகையாகவே தோன்றும். உடல்கள் அதைச் சொல்லிவிடுகின்றன.

1975-இல் சான் டியேகோவுக்கு வடக்கே டெல் மார் கண்காட்சித் திடலில் தேசியப் போட்டி ஒன்று நடந்தது. 1960-களுக்குப் பிறகு நடந்த முதல் பெரிய போட்டி. ஸெஃபர் அணி நீலச் சட்டையோடு கூட்டமாக வந்து இறங்கியது. ஃப்ரீஸ்டைல் என்ற தனித்திறன் பிரிவில் அன்றைக்கு மதிப்பெண் பெற்றவை, நிமிர்ந்து நின்று செய்யும் வித்தைகள்: சுழற்சி, கைகளை ஊன்றி நிற்றல், இரண்டு பலகைகள்மேல் தாவுதல். பதினான்கு வயது ஜே ஆடம்ஸ் மேடையேறி, தரையோடு தரையாகத் தாழ்ந்து, வெட்டி வெட்டித் திரும்பியபோது நடுவர்களுக்கு எதற்கு எவ்வளவு மதிப்பெண் போடுவது என்பது புரியவில்லை. பெண்கள் ஃப்ரீஸ்டைலில் பெகி ஓகி முதலிடம் பெற்றார். படத்தின் நடுக்கம்பம் இந்தக் காட்சி. பழையதும் புதியதும் நேருக்கு நேர் நின்றது போலவும், பழையது அன்றே முடிந்துபோனது போலவும் அது அடுக்கப்பட்டிருக்கிறது. முடிந்துபோனதா என்பது தனிக் கேள்வி.

முடிந்தது அணிதான். டெல் மாருக்குப் பிறகு ஸ்கேட்போர்டில் பணம் புரளத் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் ஆல்வாவையும் பெரால்டாவையும் ஆடம்ஸையும் தனித்தனியே அழைத்தன. சிறிய கடையால் அதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. சில மாதங்களில் அணி கலைந்தது; 1976-இல் கடையும் மூடியது. ஜெஃப் ஹோ ஹவாய்க்குப் போனார். பன்னிருவரும் ஓர் அணியாக நின்றது அவ்வளவு குறுகிய காலம்.

ஆனால் அவர்கள் செய்ததில் மிக முக்கியமானது அணி கலைந்த பிறகே வந்தது. 1976, 1977 ஆண்டுகளில் கலிபோர்னியாவைக் கடும் வறட்சி பிடித்தது. தண்ணீர்க் கட்டுப்பாட்டால் வீட்டுக் கொல்லைகளில் நீச்சல்குளங்கள் வறண்டு கிடந்தன. தெற்குக் கலிபோர்னியக் குளங்களுக்கு ஒரு தனிக் கட்டமைப்பு உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அங்கே குளம் கட்டியவர்கள் கம்பிவலை விரித்து அதன்மேல் அழுத்தத்தால் சிமென்ட் கலவையைத் தெளித்துப் பூசும் ‘கனைட்’ முறையைப் பெரிதும் கையாண்டார்கள். செங்கல் வைத்துக் கட்டும் குளத்தைப்போல இதில் சுவரும் தரையும் நேர்கோணத்தில் சந்திக்க வேண்டியதில்லை. வேண்டிய வளைவில் பூசலாம். 1948-இல் சோனோமா பகுதியில் தாமஸ் சர்ச் வடிவமைத்த டானல் தோட்டக் குளம் புகழ்பெற்ற பிறகு, சிறுநீரக வடிவக் குளங்கள் நாகரிகமாயின. மேட்டுப் பகுதியிலிருந்து சரிந்து இறங்கி, ஆழப் பகுதியில் கிண்ணம்போல வளைந்து, உச்சியில் செங்குத்தாக நிற்கும் சுவர்; அதன்மேல் ஓடுகள்; விளிம்பில் வெளிநீண்ட சிமென்ட் கைப்பிடி. தோட்டக்கலைஞரும் கட்டுநரும் அழகுக்கும் சிக்கனத்துக்குமாகச் செய்த வளைவு, பலகை ஓட்டுவதற்கென்றே கணக்குப் போட்டது போல அமைந்துவிட்டது.

டாக்டவுன் பிள்ளைகள் குளம் தேடி அலைந்தது படத்தில் ஒரு வேட்டையாகச் சொல்லப்படுகிறது. வசதியான தெருக்களின் பின்சந்துகளில் கார் ஓட்டிப்போய், ஒருவர் கூரைமேல் நின்று வேலிக்கு அப்பால் பார்ப்பார். ஆளில்லாத வீடு, விற்பனைப் பலகை மாட்டிய வீடு, தீப்பிடித்துக் கைவிட்ட வீடு எல்லாம் இலக்கு. அடியில் பாசித் தண்ணீர் தேங்கியிருந்தால் பம்பு வைத்து இறைத்து, துடைப்பத்தால் பெருக்கிக் காயவைப்பார்கள். போலீஸ் வரும்வரை ஆட்டம். குளத்தில் முதலில் கற்றது, ஊஞ்சலில் நின்று உந்துவது போல, வளைவில் இறங்கும்போது முழங்காலை மடக்கி ஏறும்போது நிமிர்ந்து வேகத்தைப் பெருக்கிக்கொள்வது. அதன்பின் ஓட்டின் உயரத்துக்கு ஏறுவது. அதன்பின் விளிம்பை உரசுவது. சான்டா மோனிகாவில் நோயுற்ற சிறுவன் ஒருவனின் விருப்பத்துக்காக அவன் பெற்றோர் தங்கள் குளத்தை வற்றவைத்து இவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். விரட்ட ஆளில்லாத அந்தக் குளத்துக்கு ‘டாக்போல்’ என்று பெயர் விழுந்தது. 1977-இல் டோனி ஆல்வா அங்கே விளிம்பைத் தாண்டி மேலெழுந்து, பலகையைக் கையால் பிடித்தபடி காற்றில் திரும்பி மறுபடியும் சுவரில் இறங்கினார். இப்படிக் காற்றில் எழும் ‘ஏரியல்’ அசைவில் முதலாவது அதுவே என்பது படத்தின் கூற்று. அந்தப் பெருமையைக் கோருகிறவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். எனினும் விளிம்பு எல்லை என்ற எண்ணம் அந்த ஆண்டோடு போயிற்று என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

கொல்லைப்புறத்தில் நடந்த ஒன்று நாடு முழுவதும் தெரிந்தது எப்படி? இங்கேதான் ஸ்டெசிக்கின் பங்கு. 1975-இல் மறுபடியும் வெளிவரத் தொடங்கிய ‘ஸ்கேட்போர்டர்’ பத்திரிகையில் அவர் புனைபெயரில் டாக்டவுனைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். ஜான் ஸ்மைத் என்பது அவற்றில் ஒன்று. படங்களையும் தாமே எடுத்தார். வித்தை எப்படிச் செய்வது என்று கற்றுத்தரும் கட்டுரைகள் அல்ல அவை. ஒரு வட்டாரம், அதன் பகை, அதன் சுவரெழுத்து, அதன் திமிர் என்று எழுதினார். அயோவாவிலோ நியூயார்க்கிலோ இருந்த பதினைந்து வயதுப் பையனுக்கு, பலகையோடு சேர்ந்து ஒரு நடையும் ஒரு பார்வையும் இதனால் கிடைத்தன. அதே வட்டத்தின் சின்னப் பையனான கிளென் ஃப்ரீட்மன் பள்ளி மாணவராக இருக்கும்போதே எடுத்த படங்களும் அந்தப் பத்திரிகையில் வந்தன. அவர் பின்னாளில் பங்க், ஹிப்ஹாப் இசைக்கலைஞர்களைப் படமெடுத்துப் பெயர்பெற்றார். படத்தில் ஹென்றி ராலின்ஸ், இயன் மெக்கே, ஜெஃப் அமென்ட் போன்ற இசைக்கலைஞர்கள் வந்து பேசுவதன் காரணம் இதுதான். அவர்கள் டாக்டவுனில் வளர்ந்தவர்கள் அல்ல. டாக்டவுனைப் பத்திரிகையில் படித்து வளர்ந்தவர்கள்.

ஸ்கேட்போர்டு வரலாற்றில் டாக்டவுனின் இடம், அங்கே நடந்ததால் மட்டும் வந்ததல்ல. அங்கே நடந்தது உடனுக்குடன் எழுதப்பட்டது, படமெடுக்கப்பட்டது, அதுவும் திறமையோடு. 2001-இன் ஆவணப்படம் அந்த எழுத்தின் நீட்சி. இருபத்தைந்து ஆண்டு முன்னர் ஸ்டெசிக் பத்திரிகையில் செய்ததையே இப்போது பெரால்டாவும் அவரும் திரையில் செய்கிறார்கள்.

கைத்திறனில் படம் குறைவைக்கவில்லை. அசையும் காட்சிகள் குறைவு, நிழற்படங்கள் ஏராளம் என்ற நிலையில், படத்தொகுப்பாளர் பால் கிரவுடர் அசையாப் படங்களின்மேல் கருவியை விரைந்து ஓடவிட்டும், ஒரே அசைவின் அடுத்தடுத்த படங்களை அடுக்கியும் வேகத்தை உண்டாக்குகிறார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், லெட் செப்லின் முதலியோரின் பாடல்கள் ஏறக்குறைய இடைவெளியின்றி ஒலிக்கின்றன. ஷான் பென் வாசிக்கும்போது தொண்டையைச் செருமியதைக்கூட வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். பிழையை மறைக்காத அலட்சியம் போலத் தோன்றுவது, யோசித்துச் செய்த அலங்காரம்தான். பின்னாளின் விளையாட்டு ஆவணப்படங்கள் பலவும் இந்த நடையைப் பின்பற்றின.

படத்தில் உண்மையாக நெஞ்சைத் தொடும் ஒரே ஆள் ஜே ஆடம்ஸ். குழுவின் இளையவர்களில் ஒருவர்; எங்களில் இந்தத் திறமை இயல்பாகவே வாய்த்தவர் இவர்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பணமும் பெயரும் தேடிவந்தபோது அவர் எதையும் பற்றிக்கொள்ளவில்லை. போதையும் சிறையும் அவர் வாழ்க்கையில் நுழைந்தன. நடுவயதில் ஒட்டிய கன்னங்களோடு அவர் கருவியின் முன் உட்கார்ந்து பேசும் இடத்தில் மட்டும் படத்தின் பெருமிதக் குரல் சற்றுத் தாழ்கிறது. ஆடம்ஸ் 2014 ஆகஸ்டில் மெக்சிகோவில் மாரடைப்பால் இறந்தார், வயது 53. பாப் பினியாக், கிறிஸ் கேஹில், ஷோகோ குபோ ஆகியோரும் அதற்குள் காலமாகியிருந்தார்கள். படம் எடுக்கும்போதே கேஹிலைக் கண்டுபிடிக்க முடியவில்லை; பன்னிருவரில் பேட்டி இல்லாதவர் அவர் மட்டும். பெகி ஓகி ஓவியராகி, திமிங்கலப் பாதுகாப்புக்காக உழைத்தார்.

படத்தின்மேல் சொல்லத்தக்க குறைகளில் முதலாவது அதன் நிலப்பரப்பு. பலகை ஓட்டுவதை மறுபடி பிறப்பித்தது டாக்டவுன் மட்டுமே என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. நாஸ்வொர்தியின் சக்கரம் விற்றது என்சினிட்டாஸில். முதல் ஸ்கேட் பூங்காக்கள் 1976-இல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாடிலும் ஃபுளோரிடாவிலும் திறந்தன. கையால் பிடிக்காமலே பலகையோடு மேலெழும் ‘ஆலி’ என்ற அசைவை 1970-களின் இறுதியில் உருவாக்கியவர் ஃபுளோரிடாவின் ஆலன் கெல்ஃபண்ட். குளத்தில் ஓட்டுவதையும் 1960-களிலேயே சிலர் முயன்றதுண்டு. வறட்சிக்கும் புதுச் சக்கரத்துக்கும் முன்பு அது ஒரு வழக்கமாக நிலைக்கவில்லை, அவ்வளவே.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. டெல் மாரில் படம் கேலிசெய்து ஓரங்கட்டும் ஃப்ரீஸ்டைல், உண்மையில் சாகவில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் ராட்னி முல்லன் என்ற ஃப்ரீஸ்டைல்காரர், சரிவும் சுவரும் இல்லாத வெறுந்தரையில் ஆலி செய்யவும், எழுந்த பலகையைக் காற்றில் காலாலேயே உருட்டவும் வழி கண்டார். இன்று உலகெங்கும் படிக்கட்டிலும் கைப்பிடிக் கம்பியிலும் ஆடப்படும் தெரு ஸ்கேட்போர்டிங்கின் அரிச்சுவடி அதுவே. அதாவது பிற்காலத் தெரு ஆட்டம் டாக்டவுனின் குளத்திலிருந்து வந்ததைவிட, டாக்டவுன் தோற்கடித்ததாகச் சொல்லப்படும் நிமிர்ந்த பாணியிலிருந்தே அதிகம் வந்தது. இது பெரால்டாவுக்குத் தெரியாததல்ல. 1978-இல் ஜார்ஜ் பவெல்லுடன் சேர்ந்து அவர் தொடங்கிய பவெல் பெரால்டா நிறுவனத்தின் ‘போன்ஸ் பிரிகேட்’ அணியில் டோனி ஹாக், ஸ்டீவ் கபலேரோ முதலியோரோடு முல்லனும் இருந்தார். அந்த அணியை வைத்து 1984 முதல் அவர் எடுத்து விற்ற வீடியோக்கள்தான் அவரை இயக்குநராக்கின. 2012-இல் வந்த ‘போன்ஸ் பிரிகேட்: அன் ஆட்டோபயாகிரஃபி’ என்ற ஆவணப்படத்தில் முல்லனுக்கு உரிய இடத்தை அவரே கொடுத்தார். முதல் படத்தின் வரலாற்றை இரண்டாவது படம் சத்தமில்லாமல் திருத்துகிறது என்றுகூடச் சொல்லலாம்.

பெண்கள் விஷயத்தில் திருத்தம் நடக்கவில்லை. ஓகியைத் தவிர்த்தால் 1970-களில் தொழில்முறையாக ஓட்டிய பெண்கள் எவருக்கும் படத்தில் இடமில்லை. வேன்ஸின் பணம் பற்றிய கேள்வியும் உண்டு. தான் விற்கும் பொருளின் வீரகதையைத் தானே செலவழித்து எடுத்த நிறுவனம் அது. படத்தில் விளம்பரம் உறுத்தும்படி இல்லை. ஆனால் ஸ்கேட்போர்டை வணிகம் விழுங்கியது என்று வருந்தும் இடங்களில் அந்த வருத்தத்தை யார் பணத்தில் பார்க்கிறோம் என்பது நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

1980 வாக்கில் பூங்காக்கள் பெரும்பாலும் மூடின; விபத்து வழக்குகளும் காப்பீட்டுச் செலவும் அவற்றை விழுங்கின. 2000-க்குப் பிறகு நகராட்சிகளே பூங்கா கட்டத் தொடங்கியதில் இந்தப் படம் உண்டாக்கிய மதிப்புக்கும் சிறு பங்கு இருக்கலாம். வெனிஸ் கடற்கரையில் 2009-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் திறந்த ஸ்கேட் பூங்காவில் நீச்சல்குள வடிவக் கிண்ணம் ஒன்று உண்டு. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ‘பார்க்’, ‘ஸ்ட்ரீட்’ என்ற இரு பிரிவுகளில் ஸ்கேட்போர்டிங் முதன்முறையாக இடம்பெற்றது. பார்க் பிரிவின் களம் கனைட் குளத்தின் வழித்தோன்றல். ஸ்ட்ரீட் பிரிவின் வேர் முல்லனிடம்.

ஆவணப்படங்களின் போக்கும் மாறியது. பிங் லியூ 2018-இல் எடுத்த ‘மைண்டிங் தி கேப்’, இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் பலகை ஓட்டும் நண்பர்களை வைத்து வீட்டு வன்முறையைப் பேசியது. அதன் இயக்குநரும் தன் நண்பர்களையே எடுத்தார். ஆனால் புகழ் பாடவில்லை. 2020-இன் பாஃப்டா விருதுகளில் பிரிட்டிஷ் குறும்படப் பிரிவுக்கு முன்மொழியப்பட்ட படங்களில் இரண்டு ஸ்கேட்போர்டு ஓட்டும் சிறுமியரைப் பற்றியவை. காபூலில் சிறுமியருக்குப் பலகை ஓட்டவும் படிக்கவும் சொல்லித்தரும் பள்ளியைக் காட்டிய படம் விருதை வென்றது. ஆஸ்கரும் அதற்குக் கிடைத்தது. மற்றொன்று சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’. மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டும் கமலி மூர்த்தி என்ற சிறுமியையும், அவளைத் தனியாக வளர்க்கும் தாயையும் பற்றியது அந்தப் படம்.